காசுக்கு வந்த மழை

சீந்துவாரில்லாமல் கிடந்த மைமூனின் மருந்தடிக்காத நெல்லை இந்த வருடம் சனங்கள் தேடிவந்து வாங்கினார்கள். போன வருடம் வரை ஏழைகளுக்கான ஜகாத் வாங்கியவள், இனிமேல் கொடுக்கிறவள். கால் தரையில் பாவவில்லை.

"விளைஞ்சதுல பத்துல ஒரு பங்கு, ஆலிம்சா! மூட்டை கட்டிட்டேன்."

பள்ளிவாசல் ஆலிம்சா சிரித்தார். "லாத்தா, தானாப் பெய்ஞ்ச மழைக்குத்தான் பத்துல ஒண்ணு. நீங்க போன்ல மேகத்தை வரவழைச்சு உங்க வயலுக்கு மட்டும் பெய்ய வச்சீங்க. காசு கொடுத்த தண்ணிக்கு அதுல பாதி, இருபதுல ஒண்ணுதான் கடமை."

மைமூனின் முகம் சுண்டிவிட்டது. இத்தனை வருஷம் காத்திருந்தது பாதி கொடுக்கவா?

"அப்ப மீதி மூட்டை?"

"அது உங்க இஷ்டம். சதக்காவா, தருமமா, யாருக்கு வேணும்னாலும் கொடுங்க."

"யாருக்கு வேணும்னாலுமா?" என்று கேட்டவள் பதிலுக்கு நிற்காமல் ஓடினாள்.

மீதி மூட்டைகளை விற்ற காசில் போனில் ஒரு மேகம் வாங்கினாள். அன்று மாலை, மேகம் வாங்க வக்கில்லாத பக்கத்து வயல் பேச்சியம்மாவின் காய்ந்த பயிர்மேல் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது.

"அய்யய்யோ, யாருடி இதுக்குக் காசு கட்டுனது?" என்று அலறினாள் பேச்சியம்மா.

வரப்பில் தொப்பலாக நனைந்து ஆடிக்கொண்டிருந்த மைமூன் கத்தினாள்: "தானாப் பெய்யுது பேச்சி! தானாப் பெய்யுது!"