பின்வாசலில் ஒரு லாரி

"முன்வாசலுக்குப் போகாதே. வண்டியைப் பின்பக்கம் விடு" என்றார் அமைச்சர்.

உதவியாளருக்கு அழுகையே வந்துவிட்டது. முன்வாசலில் பேண்டு வாத்தியம், மாலை, டிவிக்காரர்கள் என்று எல்லாரும் காத்துக்கொண்டிருக்கிறார்கள். அவ்வளவையும் ஏற்பாடு செய்ய ஒரு வாரமாகத் தொண்டை கிழியப் போனில் கத்தியவர் அவர்தான்.

"சார், பின்பக்கம் குப்பை கொட்டுற இடம் சார்..."

"ராணுவ முகாமைப் பத்தி எனக்கே பாடம் எடுக்கிறியா?"

எடுக்க முடியுமா? ராணுவத்தில் லெப்டினன்டாகச் சேர்ந்து ஜெனரலாக ஓய்வு பெற்ற மனிதர். ஓய்வு பெற்ற கையோடு தேர்தலில் நின்றார், ஜெயித்தார், பாதுகாப்புத் துறை அமைச்சராகவும் ஆகிவிட்டார். உடுப்பைத்தான் கழற்றினாரே தவிர மிடுக்கைக் கழற்றவில்லை. ஆபீசில் டீ கொண்டு வருகிறவர்கூட விறைப்பாக நின்றுதான் டம்ளரை நீட்ட வேண்டும். சொந்த மனைவியிடமே, 'புரிஞ்சுதா? திருப்பிச் சொல்லு' என்பார். இவரிடம் மாட்டிக்கொண்டு முழிப்பதற்கு எங்கேயாவது மூட்டை தூக்கலாம் என்று உதவியாளர் அலுத்துக்கொள்ளாத நாளில்லை.

கார் பின்வாசலை நெருங்கியபோது, தார்ப்பாய் போட்டு மூடிய லாரி ஒன்று உள்ளேயிருந்து வெளியே வந்தது.

"மறி! குறுக்கே விடு!" என்று கத்தினார் அமைச்சர்.

டிரைவர் குறுக்கே விட்டார். உதவியாளர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். நல்லவேளை, லாரி முட்டாமல் நின்றது.

அமைச்சர் இறங்கிப் போய்த் தானே தார்ப்பாயைத் தூக்கினார்.

உள்ளே கிழிந்த மெத்தைகள், ஓட்டை அண்டாக்கள், காலொடிந்த கட்டில்கள். அவற்றுக்கு நடுவே சிப்பாய்கள். ஒருவனுக்குக் காலில் பெரிய கட்டு. இன்னொருவன் காய்ச்சலில் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தான். மூன்றாவது ஆள் மட்டும் கல்லுக்குண்டு மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"உனக்கு என்ன உடம்புக்கு?"

"ஒண்ணுமில்லைங்க ஐயா. கேட்டா உண்மையைச் சொல்லிடுவேன்னு என்னையும் ஏத்திட்டாங்க."

"சரி, இப்ப கேட்கிறேன். சொல்லு."

"ஆஸ்பத்திரிக் கூரை ஒழுகுதுங்க ஐயா. கட்டிலை நகர்த்தி நகர்த்தி இந்தக் காய்ச்சல்காரன் இப்ப வாசப்படிக்கே வந்துட்டான். சொல்லிச் சொல்லி வாய்தான் வலிக்குது. பெரியவங்க யாராவது பார்க்க வந்தா, எங்களை இப்படி ஏத்தி ஊரைச் சுத்த விடுறாங்க. அவங்க போனதும் கொண்டு வந்து இறக்கிடுறாங்க."

உதவியாளருக்கு உடம்பு புல்லரித்தது. அடடா, இந்த மனிதரையா மனசுக்குள் கரித்துக்கொட்டினோம்!

அதற்குள் முகாமின் தளபதி முன்வாசலிலிருந்து மூச்சிரைக்க ஓடி வந்தார். பின்னாலேயே டிவிக்காரர்கள். திறந்து கிடந்த லாரியைப் பார்த்ததும் தளபதியின் முகத்தில் ஈயாடவில்லை.

"காய்ச்சல்காரனைக் காயலான் கடைச் சாமான் மாதிரி ஏத்தி அனுப்புறியே, நீயெல்லாம் மனுஷனா?" என்று வெடித்தார் அமைச்சர்.

"சார்..."

"என்ன சார்?"

தளபதி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அமைச்சரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தப்புதான் சார். அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகப்போறேன். பென்ஷன்ல மட்டும் கை வெச்சுடாதீங்க. பொண்ணு இன்னும் படிச்சிட்டிருக்கா."

"அதை லாரியில ஏத்துறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்!"

காய்ச்சல்காரனை உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னார் அமைச்சர். கூரையை இன்றைக்கே பிரித்து வேலையைத் தொடங்கச் சொன்னார். சிப்பாய்கள் கைதட்டினார்கள். கேமராக்கள் அத்தனையையும் படம் பிடித்தன.

காரில் ஏறியதுமே, "எழுது" என்றார். "முகாம் தளபதி உடனடியா சஸ்பெண்ட். பென்ஷன் நிறுத்தம்."

உதவியாளர் ஆசை ஆசையாக எழுதினார். இப்படி ஒரு மனசாட்சி கெட்டவனுக்குப் பென்ஷன் ஒரு கேடா?

"சார், ஒண்ணு கேட்கலாமா? பின்வாசல் வழியா லாரி வரும்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

காலையிலிருந்து உர்ரென்று இருந்த அமைச்சர் முதன்முறையாகச் சிரித்தார்.

"இதே முகாமுக்கு நான் தளபதியா இருந்தவன்யா. அப்ப ஒரு அமைச்சர் பார்வையிட வந்தார். இந்த லாரி யோசனையே என்னோடதுதான். மனுஷன் முன்வாசல் வழியா வந்தார், எல்லாம் பளபளன்னு இருக்கேன்னு முதுகுல தட்டிட்டுப் போனார். அடுத்த மாசமே எனக்குப் பதவி உயர்வு. அங்கேருந்துதான் மளமளன்னு மேலே வந்தேன்."

உதவியாளரின் பேனா நின்றுவிட்டது.

"லாரியில போனவங்க யாரும் வெளியே சொல்லலையா சார்?"

"எப்படிச் சொல்லுவாங்க? காவலுக்கு ஒரு சின்ன ஆபீசரைக் கூடவே அனுப்பினேனே. 'நோயாளிங்க சார், பாவம் சார்'னு அவன்தான் கொஞ்சம் முரண்டு பிடிச்சான். வேலை போயிடும்னு ஒரு அதட்டல் போட்டேன். அப்புறம் நல்லாக் கத்துக்கிட்டான்."

"அவர் இப்ப எங்கே சார் இருக்கார்?"

"அவன் பேரைத்தான்யா நீ எழுதிக்கிட்டிருக்கே. சீக்கிரம் முடி, கையெழுத்துப் போடணும்."