நூறு மீட்டர் கூடுதல்

வால்வு தரையைப் பார்த்து நிற்கும்படி சைக்கிளின் முன்சக்கரத்தைத் திருப்பி வைத்து, அதற்கு நேர் கீழே சாக்பீஸால் ஒரு கோடு போட்டார்.

"ஏறி உக்காரும்மா. உன் எடை சக்கரத்துல விழணும்."

"நான் என்ன அவ்வளவு குண்டாவா இருக்கேன்?" என்றாள் மகள்.

"நோஞ்சான் உக்காந்தாலும் டயர் கொஞ்சம் அமுங்கும். அமுங்கினா சுத்து குறையும்."

ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, வாசல் சிமெண்ட் தரையில் சைக்கிளை மெல்ல உருட்டினார். வால்வு பின்பக்கமாக ஏறி, உச்சிக்குப் போய், முன்னால் இறங்கி, மறுபடி தரைக்கு வந்தது. அங்கே இன்னொரு கோடு.

இரண்டு கோட்டுக்கும் இடையே இருப்பதுதான் சக்கரத்தின் ஒரு சுற்று. அதை மில்லிமீட்டரில், ஹேண்டில்பாரில் மாட்டியிருக்கும் தூரம் காட்டும் மீட்டருக்குச் சொல்லிவிட்டால் போதும், சக்கரம் சுற்றச் சுற்ற அது பாட்டுக்குக் கூட்டிக்கொண்டே போகும். என்ன எண்ணைக் கொடுத்தாலும் நம்பிவிடும், பச்சைக் குழந்தை மாதிரி.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒரே தலையணை உறையை இரண்டாவது தடவையாக மடிக்கிறாள். அதை அவர் பார்க்காதது போலப் பார்த்தார்.

"அப்பாகிட்ட சொல்லு, கோடு ரெண்டையும் அழிச்சுட்டுப் போகணும்னு" என்றது ஜன்னல்.

"அழிச்சுடறேன்னு சொல்லு" என்றார் அவர்.

"ரெண்டு பேரும் பத்தடி தூரத்துல இருக்கீங்க. நடுவுல நான் என்ன போஸ்ட்மேனா?"

யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பு வந்தது, இரண்டு பேருக்கும்தான். அடக்கிக்கொண்டார்கள்.

அவர் அந்த வீட்டை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை வருவார், வாசலோடு சரி. மகளுக்குப் புது சைக்கிள் வந்ததும் அம்மாக்காரி ஒரு நிபந்தனை போட்டாள். அதுவும் மகள் வழியாகத்தான் அவர் காதுக்கு வந்தது. மீட்டர் அஞ்சு கிலோமீட்டர் காட்டியதும் அப்படியே திரும்பிவிட வேண்டும். அதற்குள் எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

எங்கே வேண்டுமானாலும் என்றதும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அன்றைக்கே தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு, இந்த வாசலிலிருந்து தன் அறை வரைக்கும் ஓட்டிப் பார்த்தார்.

அஞ்சு கிலோமீட்டர், நூறு மீட்டர்.

அஞ்சு என்ற கணக்கு அம்மாக்காரிக்கு எங்கிருந்து வந்ததோ! அவர் எந்தத் தெருவில் குடியிருக்கிறார் என்றுகூட அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

நூறு மீட்டர்தானே, கண்ணை மூடிக்கொண்டு மிதித்துவிட்டு வரட்டுமே என்று உங்களுக்குத் தோன்றும். மகள் வரமாட்டாள். அஞ்சு என்றால் அஞ்சுதான். அப்பனை உரித்து வைத்துப் பிறந்தவள் அல்லவா.

அப்பனுக்கு வேலை, கடை கடையாக ஏறித் தராசுகளைச் சோதித்து முத்திரை வைப்பது. ஒரு கிராமை நழுவவிட்டதில்லை. வீட்டிலும் அதே கண்தான். கொஞ்ச நேரத்தில் வருகிறேன் என்று மனைவி சொன்னால், கொஞ்சம் என்றால் எவ்வளவு என்பார். சொன்ன நேரத்துக்குப் பிந்தி வந்தால் சுவர்க்கடிகாரத்தைப் பார்ப்பார், வாய் திறக்க மாட்டார். அதற்கு நாலு வார்த்தை திட்டியே இருக்கலாம்.

பேச்சு நின்று போனதே இப்படிச் சின்னச் சின்ன நூறு மீட்டர்களால்தான். இன்னொரு நூறு மீட்டரை அவளிடம் எந்த முகத்தோடு கேட்பது?

டேப்பை நீட்டிப் பார்த்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்து.

மகளை மறுபடி உட்காரவைத்து, மறுபடி உருட்டி அளந்தார். ஒரு மயிரிழை மாறவில்லை.

மீட்டரின் பொத்தானை அழுத்தினார். இலக்கங்கள் மினுக்கிக்கொண்டு காத்திருந்தன.

நாலே நாலு சென்டிமீட்டர் குறைத்துப் போட்டால் போதும். அவர் அறைக் கதவு அஞ்சு கிலோமீட்டருக்குள் வந்துவிடும். மகள் மூச்சிரைக்க மாடிப்படி ஏறி வருவாள். அவளுக்கென்று இரண்டாவதாக ஒரு நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறார். இதுவரை அதில் அவர் சட்டைதான் உட்கார்ந்திருக்கிறது.

கட்டைவிரல் பொத்தான் மேலேயே நின்றது.

"என்னப்பா, தூங்கிட்டீங்களா?"

"இல்லடா."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்து என்றே போட்டார்.

"சரியா காட்டுமா?"

"சரியாத்தான் காட்டும்" என்றார். அந்த வார்த்தையை அவர் இத்தனை துக்கமாக ஒருநாளும் சொன்னதில்லை.

மகள் தண்ணீர் குடிக்க உள்ளே ஓடினாள். அவர் குந்தியிருந்து, ஈரத்துணியால் முதல் கோட்டை அழித்தார். இரண்டாவது கோட்டுக்கு நகர்ந்தபோது அதன் பக்கத்தில் இரண்டு பாதங்கள் வந்து நின்றன.

நடுவில் மகள் இல்லாமல் அவள் அவரிடம் பேசி எத்தனையோ மாசம் ஆயிற்று. அவர் நிமிரவில்லை. நிமிர்ந்தால் போய்விடுவாளோ என்று பயம்.

"பேக்கரி தாண்டினதும் மெயின் ரோட்டுலயே போகச் சொல்லாதீங்க. வலது கைப் பக்கம் ஒரு சந்து இருக்கு. அது முடியற இடத்துல இரும்பு கேட். பூட்டின மாதிரி தெரியும், கொஞ்சம் தூக்கித் தள்ளினா திறந்துடும். அதுல போனா முந்நூறு மீட்டர் மிச்சம்."

சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய்விட்டாள்.

அந்த கேட்டை அவருக்குத் தெரியும். பூட்டியே கிடக்கிறது என்றுதான் இந்த ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தார்.

அது அவர் அறை ஜன்னலுக்கு நேர் கீழே இருக்கிறது.