மதிலுக்கு வெளியே

எட்வின் டீ குடிக்க வெளியே போயிருந்தபோதுதான் அவன் ஆதரிக்கும் கால்பந்து அணி கடைசியாக ஒரு கோல் போட்டது. அன்றிலிருந்து எல்லா ஆட்டத்துக்கும் நண்பர்கள் அவனை மைதானத்து மதிலுக்கு வெளியே நிறுத்திவிடுகிறார்கள். மூன்று வருடங்களாக அணி இன்னொரு கோலும் போடவில்லை, நண்பர்கள் அவனை உள்ளே விடவும் இல்லை.

இன்று ஐந்தாவது கோல் வாங்கிய சத்தம் கேட்டது. "கோச்சை மாத்துங்கடா. அந்த லெஃப்ட் பேக்குக்கு ஓடவே வரல" என்று மதிலைப் பார்த்துத் திட்டினான். லெஃப்ட் பேக்கின் முகத்தை அவன் பார்த்ததே இல்லை.

காவலாளி கதவைத் திறந்தார். "முடியப் போவுது. டிக்கெட் வேணாம், உள்ள போ தம்பி."

எட்வின் இரண்டடி பின்னால் நகர்ந்தான். உள்ளே கூட்டம் அலறியது. மதிலுக்கு மேல் நண்பன் தணிகையின் தலை எழுந்தது. கண்ணெல்லாம் ஈரம்.

"கோல்டா மச்சான். அங்கயே நில்லு, அசையாத."