ஊமைக்கோட்டானுக்கு இங்கிலீஷ் வராது

மறுபடியும் வெள்ளைத்தாள்தான். மேலே பெயர் மட்டும் முத்து முத்தாக எழுதியிருந்தது.

தலைமையாசிரியை தாளைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கத்திலாவது ஏதாவது இருக்காதா என்கிற நப்பாசையில். அங்கேயும் ஒன்றுமில்லை.

"அடுத்த வாரத்துலருந்து இந்தப் பொண்ணு சின்னப் பிள்ளைங்க வகுப்புல உக்காரட்டும்" என்று மொழி டீச்சரிடம் இங்கிலீஷில் சொன்னார். ஜன்னலோரத்து நாற்காலிக்குக் கால் ஆடுகிறது, யாரும் உட்கார வேண்டாம் என்றும் சொல்லிவிட்டு, கதவருகே நின்ற அம்மாவையும் பெண்ணையும் பார்த்துத் தலையசைத்தபடி போய்விட்டார்.

டீச்சருக்கு மனசே சரியில்லை. சண்டைக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடிவந்த பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பதுதான் அவள் வேலை. மற்ற பிள்ளைகள் தப்பும் தவறுமாக வெளுத்துக்கட்ட, இந்தப் பெண் மட்டும் வாயே திறப்பதில்லை. கூடப் படிப்பவர்கள் ஊமைக்கோட்டான் என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

"உள்ள வாங்கம்மா, உக்காருங்க."

அம்மா ஜன்னலோரம் போனாள். பெண் அவள் கையைப் பிடித்து இந்தப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, தான் நின்றுகொண்டாள். மரியாதை தெரிந்த பெண்தான், படிப்புதான் மண்டையில் ஏறவில்லை.

டீச்சர் விஷயத்தை மென்று முழுங்காமல் சொன்னாள். "பத்தாவது படிக்க வேண்டிய பொண்ணும்மா. கீழ் வகுப்புக்கு இறக்கிட்டா பரீட்சை எழுத விடமாட்டாங்க. காலேஜை மறந்துட வேண்டியதுதான்."

அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. "இவ அப்பா இவளை நம்பித்தான் டீச்சர் இருக்கார். ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு, எம்பொண்ணு காலேஜ் போகப்போறான்னு பக்கத்துக் கட்டில்காரர்கிட்ட கையைக் காலை ஆட்டிச் சொல்லிட்டிருக்கார்."

"அவருக்கு இப்ப எப்படி இருக்கு?"

"டாக்டர் தங்கமான மனுஷன். தினமும் வந்து, என் தோளைத் தட்டி, மெதுவா என்னமோ சொல்லிட்டுப் போறார். நமக்கு எங்க புரியுது? அவ்வளவு கனிவா சொல்றார்னா, சீக்கிரம் நல்லாயிடும்னுதானே அர்த்தம்? இவளைக் கேட்டா, மேல பாக்கறா, கீழ பாக்கறா."

டீச்சருக்குச் சுருக்கென்றது. "நம்ம பாஷை தெரிஞ்சவங்க யாரும் அங்க இல்லையா?"

"ஆள் கேட்டிருக்காங்களாம். இன்னும் வந்தபாடில்லை."

"இதை முன்னாடியே எங்கிட்ட சொல்லக்கூடாதாம்மா? நாளைக்கு நானே ஆஸ்பத்திரிக்கு வரேன். டாக்டர் சொல்றதை ஒண்ணு விடாம உங்களுக்கு எடுத்துச் சொல்றேன்."

அம்மா எழுந்து கையெடுத்துக் கும்பிட்டாள்.

அப்போதுதான் பெண் வாயைத் திறந்தாள். டீச்சரை நேராகப் பார்த்து, இங்கிலீஷில் பேசினாள். திக்கல் திணறல் எதுவும் இல்லை, மடமடவென்று வந்தது. அம்மா பார்க்கிறாள் என்பதற்காக உதட்டில் ஒரு சிரிப்பை வேறு ஒட்டவைத்திருந்தாள்.

"தயவு செஞ்சு வராதீங்க டீச்சர். இனிமே செய்யறதுக்கு ஒண்ணுமில்லை, கொஞ்ச நாள்தான்னு டாக்டர் தினமும் சொல்றார். எனக்கு எல்லாம் புரியுது. அதை எப்படி அம்மாகிட்ட நான் சொல்லுவேன்? அப்பா இருக்கற வரைக்குமாவது அவங்க நிம்மதியா ஒரு வாய் சாப்பிடட்டும். நான் சின்னப் பிள்ளைங்களோடயே உக்காந்துக்கறேன். நீங்க மட்டும் வராதீங்க."

இந்தப் பெண்ணையா இத்தனை நாளாக மந்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம் என்று டீச்சருக்கு வெட்கமாக இருந்தது.

அம்மாவுக்கோ பூரிப்புத் தாங்கவில்லை. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெண்ணின் கன்னத்தைத் தடவி, டீச்சர் பக்கம் திரும்பினாள்.

"எம்பொண்ணு இங்கிலீஷ் பேசிட்டா. என்ன டீச்சர் சொல்றா?"