பழைய படத்திலும் இருந்தது

“ஆள் மாட்டிக்கிட்டான் சார்” என்று சொல்லி, டாக்டர் கம்ப்யூட்டர் திரையை மாஸ்டர் பக்கம் திருப்பினார்.

திரையில் மாஸ்டரின் எக்ஸ்ரே. முதுகுத்தண்டு இடுப்போடு வந்து சேரும் இரண்டு மூட்டுகளையும் செயற்கை நுண்ணறிவு சிவப்பாகத் தீட்டிக் காட்டியிருந்தது. முதுகெலும்பு மூட்டுவாதம் என்றார் டாக்டர்.

மாஸ்டருக்குக் கழுத்து திரும்பாது. எழுந்து, நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து பார்த்தார்.

அவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். “கண்ணாடிய மட்டும் நம்பாத, கழுத்தத் திருப்பிப் பாரு” என்று பக்கத்து சீட்டிலிருந்து தொண்டை கிழியக் கத்துகிறவர். அவர் மட்டும் கண்ணாடியை நம்பித்தான் பிழைப்பை ஓட்டிக்கொண்டிருந்தார். போன வாரம் ரிவர்ஸ் எடுக்கும்போது ஸ்கூல் காரைக் கொண்டுபோய்க் கேட்டில் சாத்தினார். அதற்கப்புறம்தான் ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது.

வரும்போது வருஷக்கணக்காய்க் கட்டிலுக்கடியில் கிடந்த பழைய எக்ஸ்ரேயையும் எடுத்து வந்திருந்தார். டாக்டர் அதையும் கம்ப்யூட்டருக்குக் கொடுத்துப் பார்த்திருந்தார்.

“இதுலயும் இருக்கு சார். லேசாத்தான். அப்ப பாத்தவங்கள குத்தம் சொல்ல முடியாது. நானே மொதல்ல ஒண்ணுமில்லன்னுதான் நெனச்சேன். இது சொன்னதுக்கப்புறம் உத்துப் பாத்தா தெரியுது.”

“அப்பவே இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. வாய்கொள்ளாத சிரிப்பு. நோய் இருக்கிறது என்றதும் இப்படிச் சிரிக்கிற ஆளை டாக்டர் பார்த்திருக்க மாட்டார்.

அந்தப் பழைய படத்தால்தான் அவர் குடும்பமே போனது.

அப்போதெல்லாம் படுத்தால் கொஞ்ச நேரம்தான் தூக்கம். விடிவதற்கு வெகுநேரம் முன்பே இடுப்பு இறுகிப்போகும். படுத்துக் கிடந்தால் வலி உயிர் போகும்; எழுந்து நடந்தால் குறையும். படுத்தால் கூடி, நடந்தால் குறைகிற வலி உலகத்தில் எங்காவது உண்டா? அவருக்கே நம்பிக்கையில்லை. அவர் மனைவிதான் பிடிவாதமாகக் கூட்டிப்போய் எக்ஸ்ரே எடுக்க வைத்தாள். எலும்பு ஜம்மென்று இருக்கிறது, போய் வேலையைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

அன்றைக்கும் அவர் பாதித் தூக்கத்தில் எழுந்து போய் ஹாலில் நடந்தார். அவள் கதவோரம் வந்து நின்றாள்.

“எம்பக்கத்துல படுக்கப் பிடிக்கலன்னா நேரா சொல்லிடுங்க. எதுக்கு இடுப்பு மேல பழியப் போடுறீங்க?”

அவர் கையில் இருந்த ஒரே சாட்சி அந்தப் படம். அதுவும் அவள் பக்கம் பேசியது.

அடிதடி இல்லை, கோர்ட்டு கேஸ் இல்லை. சின்னப் பெண்ணாக இருந்த மகளைக் கூட்டிக்கொண்டு போய் வேறு வீடு பார்த்துக்கொண்டாள், அவ்வளவுதான். மகள் எப்போதாவது போன் செய்வாள். சாப்பிட்டியாப்பா, சாப்பிட்டேம்மா. அதற்குமேல் இரண்டு பேருக்கும் பேச்சு வராது.

மாஸ்டர் இப்போதும் எழுந்து நடக்கிறார். சந்தேகப்பட ஆளில்லை. வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

டாக்டர் பேசிக்கொண்டே போனார். நல்ல ஊசியெல்லாம் வந்திருக்கிறது, தினமும் உடற்பயிற்சி செய்ய வேண்டும், இந்த வியாதி சில குடும்பங்களில் அடுத்த தலைமுறைக்கும் வரலாம்.

“பிள்ளைங்க இருக்காங்களா சார்?”

“ஒரு பொண்ணு” என்றார் மாஸ்டர், பாதிக் காதில் வாங்கிக்கொண்டு. திரையில் இருந்த பழைய படத்தை, சிவப்போடு சேர்த்து, போனில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்.

வெளியே வராந்தாவில் பெஞ்சு காலியாகக் கிடந்தது. உட்காரத் தோன்றவில்லை. போட்டோவை மனைவிக்கு அனுப்பிவிட்டு, கையோடு அவள் நம்பரையும் அழுத்தினார்.

“சொல்லுங்க” என்றாள்.

இத்தனை வருஷமாக வீட்டுச் சுவரிடம் சொல்லிச் சொல்லிப் பழகி வைத்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தார். கம்ப்யூட்டர் கண்டுபிடித்தது, பழைய படத்திலேயே இருந்தது, எந்த மனுஷக் கண்ணுக்கும் தெரியாதது. நடிப்பில்லை. அவளைப் பிடிக்காமல் இல்லை. ஒரு நாளும் பிடிக்காமல் இல்லை.

உறைக்கட்டும் என்று மாஸ்டர் காத்திருந்தார். கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

“நடந்தா கொறையுமா அது?” என்று கேட்டாள்.

“அதத்தானே அன்னிக்கே தலபாடா அடிச்சுக்கிட்டேன்?”

அவள் பக்கத்தில் இருக்கும் யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல மெதுவாகப் பேசினாள்.

“நம்ம பொண்ணும் கொஞ்ச நாளா பாதித் தூக்கத்துல எழுந்து போறா. ஹால்ல நடக்குறா. கேட்டா இடுப்பு வலிக்குதுங்கறா.”

டாக்டர் சொன்னது மாஸ்டருக்கு இப்போதுதான் முழுசாகக் காதில் விழுந்தது.

“எம்பக்கத்துல படுக்க இவளுக்கும் பிடிக்கலன்னு நெனச்சுட்டேங்க.”

அவர் பழகி வைத்ததெல்லாம் தீர்ந்துபோயிருந்தது.

“வெச்சிடாத. லைன்லயே இரு” என்றார். உடம்பு மொத்தத்தையும் திருப்பிக்கொண்டு போய், டாக்டரின் கதவை மறுபடி தட்டினார்.