பெருவிரல் குழி

வார்த்த கொங்கிறீட் இறுகிவிட்டதா என்று பெருவிரலால் அழுத்திப் பார்ப்பது நிஸ்றாவின் பழக்கம். ஆய்வுகூடத்தில் அவள் வார்த்த கட்டிகளில் எல்லாம் ஒரு குழி இருக்கும். விரலில் குறுக்கே ஓடும் தழும்பும் பதிந்துவிடுவதால் அது யார் வேலை என்று கேட்கத் தேவையில்லை.

பெரியகல்லாற்றில் வாவிக்குள் நிற்கும் பழைய இறங்குதுறை, அவள் பிறப்பதற்கு முன்பே கட்டியது. அதன் தூண் இன்னும் பாரம் தாங்குமா என்று அறிய, தோணியில் நின்றபடி கை நுழையும் அளவுக்குத் துளைத்து ஒரு துண்டை எடுத்தார்கள். துண்டின் உள்முனையைப் பார்த்த உதவியாளர் றம்ஸீன் சிரித்தார்.

"இஞ்சயும் விரல வெச்சிட்டீங்களா மிஸ்?"

நிஸ்றா வாங்கிப் பார்த்தாள். குழி இருந்தது. குழிக்குள் தழும்பும் இருந்தது.

"அந்த ஓட்டைய முதல்ல அடைங்க," என்றாள்.

சாந்தை அள்ளுமுன் ஆழம் பார்க்க, றம்ஸீன் வெறுங்கையைத் துளைக்குள் விட்டார். விட்ட வேகத்திலேயே வெளியே இழுத்தார். விரல் நுனிகளில் ஈரச் சீமெந்து ஒட்டியிருந்தது.

"உள்ள இன்னும் இறுகல்ல மிஸ். இப்பதான் வார்த்த மாதிரிச் சூடாக் கிடக்கு."

"இருக்காது," என்றாள் நிஸ்றா.

சொல்லி முடிக்கும்போது அவளுடைய கை முழங்கைவரை தூணுக்குள் இருந்தது. பெருவிரல், பழகியபடி, அழுத்திப் பார்த்தது.