எல்லாரும் எழும்பிப் போகவேணும்

பரந்தன் சந்தியில் இருந்த சவுண்ட் கடை வாசலில் ஜெயரூபி தன் பழைய பிக்கப்பை நிறுத்தினாள்.

"வண்டியோட வந்த கொம்பனி றேடியோ இருக்கட்டும் தம்பி. சத்தம்தான் காணாது. பாவிச்ச அம்ப் ஒண்டும், கூரையில குழாய் ஸ்பீக்கர் ரெண்டும் பூட்டிவிடுங்கோ. புதுசு வாங்க வசதியில்லை."

"குழாயில பாட்டுக் கேக்க ஏலாது அக்கா. பேஸ் வராது," என்றான் கடைக்கார லக்ஷன்.

"பேஸ் வேண்டாம்." அவள் பென் டிரைவை நீட்டினாள். "இதில என்ர குரல்தான் இருக்கு."

"நீங்கள் பாடுவியளோ?"

"மூண்டு வருசமாத் தொண்டை கிழியுது. முன்னுக்கு இருக்கிறவை மட்டும் எழும்பிப் போகினம். பின்னுக்கு இருக்கிறவை அசையினமில்லை."

லக்ஷன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். "சனம் எழும்பிப் போறதுக்கோ இவ்வளவு செலவு?"

"ஓம். ஒருத்தரும் இருக்கக் கூடாது. முருகன்ர ஆக்களுக்குக் கல்லெறியவும் மனம் வருகுதில்லை."

எந்தக் கோயில் திருவிழாவோ, பாவங்கள் என்று நினைத்தபடி அவன் பூட்டிக் கொடுத்தான்.

மறுநாள் காலை, இரணைமடுக் குளத்தின் கீழே, கதிர் முற்றிய வயலின் ஓரத்தில் பிக்கப் நின்றது. ஜெயரூபி பொத்தானை அழுத்தினாள்.

"ஹோய்! ஹோய்! போ!"

அவளுடைய குரலே வயல் முழுக்க இடித்தது. நெல்லுக்குள் இருந்து நாற்பது மயில்கள் ஒன்றாக எழும்பிக் காட்டுப் பக்கம் பறந்தன. கடைசி வரம்பில்கூட ஒன்றும் மிஞ்சவில்லை.

கூரையில் குழாய்கள் கத்திக்கொண்டிருந்தன. மூன்று வருடத்தில் முதல் தடவையாக, ஜெயரூபி காலைத் தேநீரைச் சூடு ஆறுமுன் குடித்தாள்.